பேர் விட்ட கோழி

கூகைமேட்டில் ஒரு மடம் இருந்தது. ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம். அதைச் சுற்றி முள்வேலி. வேலிக்குள் கோழிகள்.

அந்தக் கோழிகளை யாரும் அறுப்பதில்லை. அவை இறந்தவர்களின் பேரில் விடப்பட்டவை.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீட்டில் ஒருவர் போய்விட்டால், கருமாதி முடிந்த பிறகு ஒரு கோழியைக் கொண்டு வருவார்கள். மடத்து அம்மா அதைக் கையில் வாங்கி, அதன் காதோரம் இறந்தவரின் பேரை ஒருமுறை சொல்லித் தரையில் விடுவார். அன்றிலிருந்து அது அவர் பேரில் வளரும். அது தின்பதெல்லாம் அவருக்குப் போய்ச் சேரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

அம்மா அதை ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அர்த்தநாரி அங்கே வந்தது மகன் பேரில் கோழி விட. உண்மையில் கோழியைக் கொண்டுவந்தது அவர் மனைவி வடிவு. அவர் துணைக்கு வந்தார். அம்மா அந்தச் செவலைக் கோழியின் காதில் பேர் சொன்னபோது அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். வடிவு ஊர் திரும்பினாள். அவர் திரும்பவில்லை.

ஊரில் அவருக்கு மாவு மில் இருந்தது. மகன் போன அன்று பூட்டியவர், அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

"நான் இங்கேயே இருந்துக்கட்டுங்களா, அம்மா? உங்ககிட்ட ஒண்ணு கேட்டுத் தெரிஞ்சுக்கணும்."

அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனால் கூகைமேட்டில் எல்லோருக்கும் அவர் அம்மா. அவரோ தன்னைவிட மூத்த ஆண்களை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், சீடர்களாக வந்தவர்களையும் சேர்த்து.

"கேளுங்கண்ணா."

"என் பையன் இப்ப எங்க இருக்கான்?"

அம்மா மூலையில் இருந்த தீனிக் கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கோழிக்குப் போட்டுட்டு வாங்க."

போட்டுவிட்டு வந்தார். மறுநாள் மறுபடி கேட்டார். அம்மா மறுபடியும் கூடையைத்தான் கொடுத்தார். அப்படியே அவர் அங்கே சீடரானார்.

ஐப்பசியில் அம்மா மலைமேல் இருக்கும் தன் குருவின் சமாதிக்குப் புறப்பட்டார். மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் இறங்கி வருவார். அதுவரை மடமும் கோழிகளும் அர்த்தநாரியின் பொறுப்பு.

"எதைப் போடட்டுங்க அம்மா? எப்படிப் போடட்டும்?"

"இருக்கிற கம்பைப் போடுங்க. மிச்சத்தை அதுங்க பாத்துக்கும்."

அம்மா போன கொஞ்ச நாளில், நல்ல பகலில், பருந்து ஒன்று இறங்கி ஒரு கிழட்டுக் கோழியை அடித்தது. அர்த்தநாரி கத்திக்கொண்டு ஓடி விரட்டுவதற்குள் வயிறு கிழிந்துவிட்டது. குடலுக்கு நடுவே தடித்த சதைப் பை ஒன்று பிளந்து கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

உள்ளே கல்.

தானியம் ஒன்றிரண்டு இருந்திருக்கலாம். அவர் கண்ணில் பட்டது கல்தான். சின்னச் சின்னக் கற்கள், யாரோ உட்கார்ந்து தேய்த்து வைத்ததுபோல வழவழவென்று.

தலைமுறை தலைமுறையாகக் கறி சமைக்காத வீடு அவருடையது. கோழியின் வயிற்றுக்குள் என்ன இருக்கும், என்ன இருக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். பசி பொறுக்காமல் கல்லைத் தின்றிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி அந்தச் செவலைக் கோழி தரையைக் கொத்திக்கொண்டிருந்தது. எதையோ எடுத்து விழுங்கியது.

அவர் ஓடிப்போய் அதன் அலகைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அதற்குள் இறங்கிவிட்டது.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினார். முற்றத்து மண்ணையெல்லாம் வெட்டிச் சல்லடையில் சலித்தார். கற்களைக் கூடை கூடையாகக் கொண்டுபோய் ஓடையில் கொட்டினார். நைசான செம்மண்ணைக் குழைத்துத் தரை போட்டு, சாணி மெழுகினார். கோழிகள் வெளியே நழுவாதபடி வேலியை நெருக்கி அடைத்தார். பழைய கம்பை ஒதுக்கிவிட்டுச் சந்தையில் புதுச் சோளம் வாங்கினார். கெட்டியான, கண்ணாடிபோல மின்னுகிற சோளம். அதையும் முறத்தில் புடைத்து, வெயிலில் பரப்பி, கண் வலிக்க வலிக்கக் கல் பொறுக்கினார். ஒரு பொடிக்கல்கூட அந்த வேலிக்குள் மிஞ்சவில்லை.

கோழிகள் ஆவலாகத் தின்றன. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மகன் போன பிறகு அன்றுதான் அவருக்கும் கொஞ்சம் சோறு இறங்கியது.

முதலில் நின்றுபோனது சத்தம்.

எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் கூடையோடு வந்தவர், ஏதோ குறைகிறதே என்று நின்றார். சேவல் கூவவில்லை. பெட்டைகள் கொக்கரிக்கவில்லை. இத்தனை கோழிகள் இருக்கிற முற்றத்தில் அலகு தரையில் படும் டொக் டொக் மட்டும் கேட்டது. மழைத்துளி சொட்டுவதுபோல.

அவை தின்றுகொண்டே இருந்தன. விடிந்ததிலிருந்து அடையும்வரை. தலையே நிமிராமல்.

கழுத்துக்குக் கீழே தீனிப்பை புடைத்து, பந்துபோலத் தொங்கியது. ஆனால் தூக்கிப் பார்த்தால் கனமில்லை. வெறும் இறகுக் கட்டைத் தூக்குவதுபோல இருந்தது. நெஞ்செலும்பு விரலில் குத்தியது.

பஞ்சாரத்தைக் கூட்டப் போனவர், அடுத்ததைக் கண்டார். கோழிகள் அடையும் இருட்டுக்குள், எச்சம் விழுந்த இடமெல்லாம் சோளம் முளைத்திருந்தது. வெளிச்சம் படாத முளைகள். பச்சையே இல்லாமல், வெளேரென்று, ஈரத் தரையிலிருந்து விரல்களை நீட்டியதுபோல நின்றன. ஒவ்வொரு கோழியும் உட்காரும் இடத்துக்கு நேர்கீழே ஒரு கொத்து.

அவர் அவற்றைப் பிடுங்கி எறிந்தார். சில நாளில் மறுபடி முளைத்தன.

மகன் பேரில் விட்ட செவலைக் கோழிதான் எல்லாவற்றிலும் மோசம். கழுத்து இறகு கொட்டி, சிவந்த தோல் தெரிந்தது. அது இப்போது அவர் பின்னாலேயே வரத் தொடங்கியது. அவர் கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. அடுப்படிக்குப் போனால் வாசல்வரை. அவர் நின்றால் அதுவும் நிற்கும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்க்கும். இமைக்காது.

"என்ன வேணும் உனக்கு? போட்டேனே!" என்பார்.

அது பார்த்துக்கொண்டே இருக்கும். அதை அவர் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்தப் பேர் அவர் வாயில் வரவே இல்லை.

மார்கழியில் ஒரு காலை, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சின்னுசாமி வந்தார். அவர் அப்பா பேரில் ஒரு கறுப்புக் கோழி அங்கே இருந்தது.

"ஏனுங்க, எங்கப்பன் கோழிக்குத் தீனி போடறீங்களா இல்லீங்களா?"

"வேளை தவறாமப் போடறனுங்க. அங்க பாருங்க, தின்னுட்டுத்தான் இருக்குது."

சின்னுசாமி பார்த்தார். அவர் முகம் தெளியவில்லை.

"ராத்திரியானாக் கனவுல வந்து நிக்கறாருங்க. வாயைத் தொறந்து காட்டறாரு. வாய் நெறையச் சோளம். முழுங்கறாரு, முழுங்கறாரு. 'வயித்துல ஒண்ணும் சேரலைடா சின்னு'ங்கறாரு."

அர்த்தநாரி குனிந்து தன் தீனிக் கூடையைப் பார்த்தார். அதில் சோளம்.

மடத்தில் எப்போதும் கம்புதான் போடுவார்கள். அது ஊருக்கே தெரியும். சோளத்துக்கு மாற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சின்னுசாமி மழைக்கு முன்னால் வந்துவிட்டுப் போனவர், இன்றுதான் மறுபடி வருகிறார்.

அவர் போன பிறகு ஒரு பெண் வந்தாள். அவள் கனவில் அவள் தங்கை. அதே சோளம், அதே வாய். அதற்குப் பிறகு வந்தவர்கள் உள்ளேயே வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, செருப்பைக்கூட உதறாமல் திரும்பிப் போனார்கள்.

அர்த்தநாரிக்குக் கனவு எதுவும் வரவில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது. எல்லோருடைய ஆட்களும் வந்து பசிக்கிறது என்கிறார்கள். அவன் மட்டும் ஏன் வரவில்லை?

இன்னும் அள்ளிப் போட்டார். காலையில் போட்டதோடு மத்தியானமும் போட்டார்.

ஒருநாள் உச்சிவேளை. நிழல் காலடியில் சுருங்கிக் கிடந்த நேரம். கூடையோடு முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கோழிகள் தின்னவில்லை. எல்லாம் அவரைப் பார்த்து நின்றன. அலகைத் திறந்துகொண்டு. ஒரு சத்தம் இல்லை. திறந்த வாய்களுக்குள் நாக்கு மட்டும் மெல்ல அசைந்தது, ஏதோ ஒரே சொல்லை எல்லாம் சேர்ந்து சொல்ல முயல்வதுபோல.

கூடை அவர் கையிலிருந்து விழுந்தது. சோளம் நாலாபக்கமும் ஓடியது. ஒன்றும் அசையவில்லை.

அவர் காலருகே நின்ற ஒரு கோழி மட்டும் மெல்ல உட்கார்ந்து, பக்கவாட்டில் சாய்ந்தது. எடுத்தார். கையிலேயே உயிர் போயிற்று. தீனிப்பை கெட்டியாக, நிறைந்து இருந்தது. நிறையத் தின்றுவிட்டுப் பட்டினியில் செத்திருந்தது.

தை பிறந்ததும் அம்மா மலையிறங்கி வந்தார். மாலை வெயிலில் வேலிப்படலைத் திறந்தவர், மெழுகிய தரையைப் பார்த்தார். அடைத்த வேலியைப் பார்த்தார். அர்த்தநாரியைப் பார்த்தார். அவரும் பாதியாகியிருந்தார்.

"அம்மா, நான் ஒரு குறையும் வைக்கலைங்க," என்றார் அவர். "நல்ல தானியமாப் பாத்துப் பாத்துப் போட்டேன். தின்னுதுங்க. ஒட்டலைங்க. ஏனுங்க அம்மா? எங்கிட்டச் சாப்பிட அவங்களுக்குப் பிடிக்கலைங்களா?"

அம்மா கொஞ்சம் எச்சத்தை ஓட்டாஞ்சில்லில் எடுத்து, தண்ணீர் விட்டு அலசினார். அழுக்கு போனதும் அடியில் சோளம் தங்கியது. முழுசு முழுசாக. போட்டபடியே மின்னியது.

அவர் அதைப் பார்த்தார்.

அம்மா சின்னுசாமியின் கறுப்புக் கோழியைப் பிடித்தார். அது திமிறவில்லை.

"காதை வெச்சுக் கேளுங்க. இந்த இடத்துல. விலாவுக்குக் கீழ."

அர்த்தநாரி காதை வைத்தார். இறகின் சூடு தெரிந்தது. இதயம் படபடத்தது. வேறொன்றும் இல்லை.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்லைங்க. உசுருதான் அடிச்சுக்குது."

அம்மா எழுந்து வேலிக்கு வெளியே போனார். ஓடையோரத்துக் குடிசைக்காரர்களின் கோழி ஒன்று சரளையில் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்கச் சற்று ஓட வேண்டியிருந்தது. அது ஊரையே கூட்டுகிற மாதிரிக் கத்தியது. அடங்கியதும் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினார்.

"இதைக் கேளுங்க."

காதை வைத்தார்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, ரொம்பத் தூரத்தில் இருந்து வருவதுபோல, அது கேட்டது. கற்... கற்... கற். நின்றது. மறுபடி கற்... கற். கல்லோடு கல் உரசும் சத்தம். நடுவில் தானியம் நொறுங்கும் சத்தம்.

அர்த்தநாரி வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டார். கோழி கத்திக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியது.

"என்ன கேட்டுதுங்கண்ணா?"

"என் மில்லு," என்றார்.

அம்மா கீழே உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்து, மகன் போன நாளைச் சொன்னார்.

"அவன் வேட்டி முனை பெல்ட்டுல மாட்டிருச்சுங்க. அந்தப் பக்கம் நின்னான். நான் இந்தப் பக்கம். நடுவுல கல்லு ஓடுது. அந்தச் சத்தத்துல..." நிறுத்தினார். "கூப்பிட்டிருப்பானுங்க. கண்டிப்பா என்னைத்தான் கூப்பிட்டிருப்பான். எனக்குக் கேக்கலைங்க அம்மா. கல்லுச் சத்தம்தான் கேட்டுது."

செவலைக் கோழி கொஞ்ச தூரத்தில் நின்று ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோழிக்குப் பல்லு இல்லைங்கண்ணா," என்றார் அம்மா. "கல்லை முழுங்கி உள்ள வெச்சுக்கும். அதுதான் அரைக்கும்."

அர்த்தநாரி மெழுகிய தரையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். சடாரென்று எழுந்து கூடையை எடுத்தார்.

"இப்பவே ஓடைக்குப் போறேன். கொட்டினதையெல்லாம் அள்ளிட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு வேண்டாம்."

"சாகுதுங்க அம்மா!"

"தீனிப்பை நெறஞ்சு கெட்டிச்சுக் கெடக்குது. அது மேல கல்லைப் போட்டா அடைச்சுக்கும். முதல்ல இளகட்டும்."

அன்று மாலை முழுக்க இருவரும் ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்துக்கொண்டார்கள். அலகைப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரும் துளி நல்லெண்ணெயும் விட்டு, கெட்டித்த தீனிப்பையை விரலால் மெல்லப் பிசைந்துவிட்டார்கள். அம்மா செய்வதைப் பார்த்து அவரும் செய்தார். செவலைக் கோழி மட்டும் தானாக வந்து அவர் மடியில் ஏறியது. அதன் தோலுக்கு அடியில் சோளங்கள் நெறநெறவென்று உருண்டன.

பிறகு அம்மா சோளத்தைப் பானையில் ஊறப்போட்டார். ஊறியதை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். வெள்ளை முளை மூக்கு நீட்டியதும் அவிழ்த்தார். அர்த்தநாரி அந்த முளைகளைப் பார்த்து ஒதுங்கினார்.

"இது அங்க முளைச்சதுதானுங்க."

"அதேதான். அங்க வெளிய வந்த பொறகு முளைச்சுது. இது உள்ள போறதுக்கு முன்னாடி முளைக்குது." அம்மா ஒரு முளையை எடுத்து அவர் வாயில் போட்டார். "கடிச்சுப் பாருங்க."

கல்போல இருந்த சோளம் பல்லுக்கு இணங்கியது. லேசாக இனித்தது.

அம்மா மூலையிலிருந்து திருகைக் கல்லை நகர்த்தி வந்தார். "இனி இதைக் குருணையா ஒடைக்கணும். இப்ப இதுங்களுக்கு அரைக்க வழியில்லை. கொஞ்ச நாளைக்கு நாமதான் ஒடைச்சுக் கொடுக்கணும்."

அர்த்தநாரி எழுந்துவிட்டார்.

"அதை மட்டும் சொல்லாதீங்க அம்மா. வேற என்ன வேணாலும் செய்யறேன். ஊற வெக்கறேன். முளை கட்டறேன். தண்ணி எடுக்கறேன். கல்லைத் தொட மாட்டேன்."

அம்மா வற்புறுத்தவில்லை. தானே உட்கார்ந்து ஒரு பிடி சோளத்தைக் குழியில் போட்டு, கைப்பிடிக் குச்சியைப் பிடித்துச் சுற்றினார்.

கற்... கற்... கற்.

அர்த்தநாரி முற்றத்தின் கோடிக்குப் போனார். வேலியைப் பார்த்து நின்று காதைப் பொத்திக்கொண்டார். பொத்தினாலும் கேட்டது. காலடித் தரை வழியாக வந்தது.

ஏதோ மாறியது. திரும்பிப் பார்த்தார்.

கோழிகள் எல்லாம் தலை நிமிர்ந்திருந்தன. அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. தள்ளாடித் தள்ளாடி, ஒன்றன்பின் ஒன்றாகத் திருகையைச் சுற்றி வந்து நின்றன. தரையில் சிந்திய குருணையை அவை கொத்தவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தன. மறந்துபோன குரல் ஒன்று எங்கிருந்தோ கேட்டால் மனிதர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி.

செவலைக் கோழி வட்டத்துக்கு நடுவே நின்றது. வெகுநாளைக்குப் பிறகு அது அவரைப் பார்க்காமல் வேறொன்றைப் பார்த்தது.

அவர் எவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்று தெரியாது. வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். குச்சியைப் பிடித்தார். அம்மா தன் கையை எடுத்துக்கொண்டார்.

முதல் சுற்றுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. நிறுத்தவில்லை. சுற்றினார். கல்லைச் சுற்றியபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், சத்தத்துக்குள் வேறு ஏதாவது கேட்கிறதா என்று. சோளம் உடைந்தது. மறுபடி ஒரு பிடி போட்டார்.

"இன்னும் நைசா அரைச்சுடட்டுங்களா அம்மா? மாவாட்டம்? அதுங்களுக்குச் சுலபமா இருக்குமே."

"மாவாப் போனா அலகுல அப்பிக்கும். தவிர, எல்லாத்தையும் நாமே அரைச்சுட்டா அதுக்கு வயிறு எதுக்குங்கண்ணா?"

அவர் குருணையோடு நிறுத்திக்கொண்டார்.

அதில் மோர் தெளித்து, லேசாகப் புளிக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். வழக்கத்தில் பாதிகூட இல்லை. அவருக்கு மனசு கேட்கவில்லை. "இத்தனூண்டு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் கோழிகள் தின்றுவிட்டு, தலையை நிமிர்த்தின. நாளெல்லாம் கொத்திக்கொண்டே இருப்பது நின்றது. எச்சத்தை அலசினால் அடியில் முழுச் சோளம் தங்கவில்லை. பஞ்சாரத்துக்குள் எதுவும் முளைக்கவில்லை.

தீனிப்பைகள் இளகி வற்றிய பிறகு ஒரு காலையில் அம்மா சொன்னார். "இப்பப் போங்க."

ஓடைக்குப் போனார். தான் கொட்டிய கற்களைத் தண்ணீருக்குள் துழாவி அள்ளினார். சோளம் அளவுக்கு இருப்பதாகப் பார்த்துச் சலித்தெடுத்தார். சுமந்து வந்து, தான் மெழுகிய தரையைத் தானே கொத்திப்போட்டு, அதன்மேல் தூவினார். கோழிகள் பாய்ந்து வந்தன. கல் அலகில் பட்டு, விழுங்கி, கழுத்து வழியே இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தடுக்கவும் இல்லை.

மறுநாள் விடியும்போது ஒரு சேவல் கூவியது. குரல் உடைந்து, பாதியில் இழுத்து நின்றது. மறுபடி கூவியது.

மாசியில் சின்னுசாமி வந்தார். கறுப்புக் கோழியைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது. கத்தித் திமிறி அவர் கையைக் கீறிவிட்டு ஓடியது.

"கனவு வருதுங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"இல்லைங்க. நின்னு போச்சு." சின்னுசாமி கீறலைத் தடவிக்கொண்டே நின்றார். போகவும் இல்லை. "நிம்மதிதானுங்க. ஆனா பாருங்க, பசின்னு சொல்லியாவது வந்துட்டிருந்தாரு. இப்ப அதுவும் இல்லை."

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வெயில் ஏற ஏறக் கோழிகளின் பழைய இறகு முற்றமெங்கும் உதிர்ந்து பறந்தது. அதற்கடியில் புதிது வந்தது. அர்த்தநாரிக்கு வேலை சரியாக இருந்தது. ஊறப்போடுவார், முளை கட்டுவார், பாதியைக் குருணையாக உடைத்து, பாதியை முழுசாகவே போடுவார். கல் குறைந்தால் ஓடைக்குப் போவார். பின்னால் ஏதாவது வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பது எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை.

சித்திரையில் வடிவு வந்தாள். கையில் ஒரு பையில் கம்பு கொண்டு வந்திருந்தாள். அவரைப் பார்த்து, "கொஞ்சம் தேறியிருக்கீங்க," என்றாள். பிறகு முற்றத்தைப் பார்த்தாள்.

"நம்முது எதுங்க?"

"அதோ..." என்று கையை நீட்டியவர் நிறுத்தினார்.

கழுத்து மொட்டையான கோழியைத் தேடினார். அப்படி ஒன்றும் இல்லை. செவலைக் கோழிகள் நாலைந்து இருந்தன. எல்லாம் கொழுகொழுவென்று, புது இறகு மினுங்க நின்றன. ஒன்று மண்ணைக் கிளறியது. ஒன்று புழுவைக் கவ்விக்கொண்டு ஓட, இன்னொன்று துரத்தியது. ஒன்று குருணையைக் கொத்திக்கொண்டிருந்தது. அவர் அருகில் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதுவும் அவரைப் பார்க்கவில்லை.

"செத்துப் போச்சுங்களா?" என்றாள் வடிவு. "எங்கிட்ட மறைக்கறீங்களா?"

"இல்லை வடிவு. இங்கதான் இருக்குது. இதுலதான் இருக்குது."

அவர் முற்றத்தின் நடுவே போய் நின்றார்.

"செங்கோடா."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பேரை அவர் சொல்லிக் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

"செங்கோடா," என்றார் மறுபடி, கொஞ்சம் உரக்க.

ஒரு கோழியும் நிமிரவில்லை. கிளறியது கிளறிக்கொண்டே இருந்தது. கொத்தியது கொத்திக்கொண்டே இருந்தது. முற்றமெங்கும் அவற்றின் கொக்கரிப்பு. வெயில் அசையாமல் நின்றது.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து முளைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி அவர் பக்கம் திரும்பினார்.

"அம்மா, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் திரும்பலைங்க. எது அவன்னே தெரியலைங்களே."

அம்மா முற்றத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு இருக்கறவங்களை நடுவுல கூப்பிடாதீங்கண்ணா."